உப்பும் வெல்லமும் கிணற்று நீரும்: சமூகத் திட்டங்களின் வடிவமைப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பொருள்களுக்கு வடிவம் கொடுப்பது கைவினைஞரதும் பொறியியலாளரதும் பணி என்றும், பெருந்தொகையான மக்களைப் பாதிக்கும் சமூகப் பிரச்சினைகளுக்குத் தீர்வு காண்பது ஆட்சியாளரதும் அரசியலறிஞரதும் பணி என்றும் பிரித்து நோக்குவதே நீண்டகாலமாக நிலவிவந்த மரபாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மரபு ஆட்டங்காணத் தொடங்கியது. 1969 ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞரான ஹேர்பேட் சைமன், செயற்கையானவை பற்றிய விஞ்ஞானங்கள் குறித்துத் தாம் வெளியிட்ட நூலில், இருக்கின்ற நிலைமையை விரும்பத்தக்க நிலைமையாக மாற்றுவதற்கு வழிவகுக்கும் எவரும் வடிவமைப்பாளரே என்ற கருத்தினை முன்வைத்தார். அக்கருத்தின்படி நோயாளிக்கு மருந்து விதிக்கும் வைத்தியரும் நாட்டுக்கு நலத்திட்டம் வகுக்கும் நிர்வாகியும் நாற்காலிக்கு வடிவம் கொடுக்கும் தச்சரோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட வேண்டியவராவர்.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1973 இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெபர் ஆகிய இருவரும் இத்தகைய நம்பிக்கைக்கு ஓர் எச்சரிக்கையை விடுத்தனர். கணிதப் புதிருக்கும் சதுரங்க ஆட்டத்துக்கும் விடை உண்டு. விடை சரியா பிழையா என்று அறியவும் இயலும். சமூகப் பிரச்சினைக்கோ முடிந்த முடிவான வரைவிலக்கணமே கிடையாது. பிழைத்த கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுபோல, பிழைத்த திட்டத்தை அழித்துவிட்டு மக்களின் வாழ்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் இயலாது. ஒவ்வொரு முயற்சியும் தன் தடத்தை விட்டே செல்லும். இதுவே அவர்கள் கூறியதன் சாரம்.

இன்று 'வடிவமைப்புச் சிந்தனை' என்பது வணிக நிறுவனங்களிலும் உதவி வழங்கும் தாபனங்களிலும் பெருவழக்குப் பெற்றுவிட்டது. பயன்படுத்துவோரின் வாழ்நிலையை அறிதல், சிறிய அளவிற் செய்து பார்த்தல், பிழைகண்டு திருத்துதல் ஆகியன அதன் படிகளாகக் கூறப்படுகின்றன. இச்சொல் இவ்வாறு வழக்குப் பெறுமுன்னரே அதன் சாதனையையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே கண்ட நாடு வங்காளதேசமாகும். குழந்தைகளை வயிற்றோட்டத்திலிருந்து காத்தல் என்ற ஒரே நோக்கத்துக்காக, ஏறத்தாழ ஒரே காலத்தில், அந்நாட்டிலே இரு பெருந்திட்டங்கள் நடந்தேறின. ஒன்று உப்பையும் வெல்லத்தையும் கருவியாகக் கொண்டது. மற்றையது குழாய்க் கிணற்றைக் கருவியாகக் கொண்டது. முதலாவது எண்ணற்ற உயிர்களைக் காத்தது. இரண்டாவது உயிர்களைக் காக்க முனைந்தே பல இலட்சம் மக்களின் உடலில் நஞ்சை ஏற்றியது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் மருந்தும்

கொலரா எனப்படும் வாந்திபேதி வங்காளத்தின் கழிமுகப் பிரதேசத்தோடு நெடுங்காலத் தொடர்புடைய நோயாகும். 1817 ஆம் ஆண்டில் அங்கிருந்து பரவத் தொடங்கிய கொள்ளைநோய் ஆசியாவின் பல பகுதிகளைத் தாக்கிற்று. பின்னர் எழுந்த அலைகள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டின. உடலிலுள்ள நீரும் உப்பும் சில மணித்தியாலங்களுள் வெளியேறிவிடுவதே இந்நோயில் மரணத்துக்குக் காரணமாகும். சிறு குழந்தைகளைப் பொறுத்தவரையில் ஏனைய வயிற்றோட்டங்களும் இவ்வாறே உயிரைக் கவர்ந்துவிடுகின்றன.

இழந்த நீரை ஈடுசெய்தல் வேண்டும் என்ற உண்மை புதியதன்று. 1832 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தில் தோமஸ் லட்டா என்ற வைத்தியர் நோயாளரின் நாளங்களில் உப்புநீரைச் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். அம்முறை சிறுகச் சிறுகச் செம்மை பெற்றது. 1960 இல் டாக்காவிலே கொலரா ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்ட பின்னர், அங்கு உரிய வேளையிற் சேலைன் ஏற்றப்பட்ட நோயாளர் இறப்பது அரிதாயிற்று. வைத்திய விஞ்ஞானத்தின் கண்கொண்டு நோக்கின் கொலராவுக்கு அப்பொழுதே தீர்வு கிடைத்துவிட்டது எனலாம்.

ஆயினும் அத்தீர்வு வைத்தியசாலையின் சுவர்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. கிருமி நீக்கிய நீர், ஊசி, பயிற்சி பெற்ற தாதி, கட்டில் ஆகிய யாவும் அதற்கு வேண்டியிருந்தன. மழைக்காலத்தில் ஒவ்வொரு கிராமமும் தனித் தீவாகிவிடும் கிழக்கு வங்காளத்தில், நோயுற்ற குழந்தையைத் தோணியிற் கொண்டுசெல்லும் வழியிலேயே அதன் உயிர் பிரிந்துவிடுவதுண்டு. ஆகவே, கொலராவைக் குணப்படுத்துவது எவ்வாறு என்ற வினா, வைத்தியசாலைக்கு வர இயலாதோரைக் குணப்படுத்துவது எவ்வாறு என்ற வினாவாக மாறவேண்டியிருந்தது. பிரச்சினையின் வரைவிலக்கணம் இவ்வாறு மாறியதே இவ்வரலாற்றின் முதலாவது திருப்பமாகும்.

வாயினாற் பருகக் கொடுத்து இழந்த நீரை ஈடுசெய்ய இயலுமா? 1953 இல் கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, நோய் கடுமையாகாதவர்களுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்துக் குணப்படுத்தியதைப் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். அதனை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. குடலிலே குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று துணையாகக் கொண்டு உறிஞ்சப்படுகின்றன என்ற உண்மையை 1960 இல் றொபேட் கிறேன் எடுத்துக்காட்டினார். கொலராக் கிருமி குடலைத் தாக்கிய பின்னரும் இவ்வாயில் திறந்தே இருக்கின்றது. உப்பைத் தனியே கொடுத்தால் உட்புகாது, இனிப்போடு சேர்த்துக் கொடுத்தால் உட்புகும். எனினும் 1960 களின் தொடக்கத்தில் றொபேட் பிலிப்ஸ் மணிலாவில் நடத்திய பரிசோதனையொன்றிலே கரைசலின் செறிவு மிகையாய் அமைந்தமையால் நோயாளர் சிலர் இறந்தனர். அதன்பின் அவர் இவ்வழியை அச்சத்தோடு நோக்கலானார்.

1968 இல் டாக்காவில் டேவிட் நலின், றிச்சட் காஷ் என்னும் இரு இளம் வைத்தியர்கள் இதனை மீண்டும் எடுத்துக்கொண்டனர். நோயாளி எவ்வளவு நீரை இழக்கின்றாரோ அவ்வளவு நீரையே பருகக் கொடுத்தல் என்ற எளிய விதியை அவர்கள் கடைப்பிடித்தனர். நாளத்தின் வழியாக ஏற்றவேண்டிய சேலைனின் அளவு பெருமளவு குறைந்தது. முன்னைய முயற்சிகள் பிழைத்தமைக்குக் காரணம் கருத்தன்று, அளவே என்பது புலனாயிற்று.

அகதி முகாமிற் கிடைத்த சான்று

1971 ஆம் ஆண்டின் விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவினுட் புகுந்தனர். எல்லையோர நகரான பொன்காவின் வைத்தியசாலையில் கொலரா நோயாளருக்கென இருந்தவை இரு அறைகளும் 16 கட்டில்களுமே. நோயாளர் தரையிலே நெருங்கிக் கிடந்தனர். கல்கத்தாவிலிருந்து அங்கு சென்ற திலீப் மஹலனாபிஸ் என்னும் வைத்தியர், கையிருப்பிலிருந்த சேலைன் விரைவில் தீர்ந்துவிடும் என்பதைக் கண்டார். பரிசோதனை நிலையிலேயே இருந்த ஒரு முறையைப் பயிற்சியற்ற மக்களின் கையில் ஒப்படைப்பதா அல்லது நோயாளர் இறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்பதே அவர் முன்னிருந்த கேள்வி.

அவர் முதலாவதைத் தெரிந்தார். உப்பு, குளுக்கோசு, சோடாவுப்பு ஆகியவை கல்கத்தாவில் நிறுத்துப் பொதி செய்யப்பட்டு முகாமுக்குக் கொண்டுவரப்பட்டன. குழாய் பொருத்திய பீப்பாய்களில் அவை கரைக்கப்பட்டன. நோயாளரின் தாயும் தந்தையும் உடன்பிறந்தோரும் பாத்திரங்களிற் பிடித்துச் சென்று பருகக் கொடுத்தனர். தாதியின் இடத்தை உறவினர் பெற்றனர். எட்டு வாரங்களில் 3,700 க்கும் மேற்பட்டோருக்கு இம்முறையிற் சிகிச்சையளிக்கப்பட்டது. அவர்களுள் இறந்தோர் 3.6 வீதத்தினரே. போதிய சேலைன் இல்லாத நிலையில் அதற்கு முன்னர் அங்கு நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறந்தனர் என்பதை ஒப்புநோக்கின் இதன் பெறுமதி விளங்கும். 2022 இல் மஹலனாபிஸ் காலமானபோது பல நாடுகளின் பத்திரிகைகள் இம்முகாமின் கதையை மீண்டும் எழுதின.

பொன்காவ் இரு விடயங்களை நிறுவியது. கரைசல் பயன் தரும். பயிற்சியற்றோரின் கையிலும் பயன் தரும். ஆனால் அது முகாம். மருந்து ஓரிடத்திலும் மக்கள் அவ்விடத்தைச் சுற்றியும் இருந்தனர். கோடிக்கணக்கான வீடுகள் சிதறிக் கிடக்கும் நாடொன்றிலே இதனை எவ்வாறு செய்வது என்ற வினாவுக்கு முகாம் விடை தரவில்லை.

தாயின் விரல்களே அளவுகோல்

அவ்வினாவுக்கு விடைகாண முனைந்தது, 1972 இல் பஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய 'பிராக்' என்னும் தொண்டர் நிறுவனமாகும். போரின் பின் ஊர் திரும்பிய அகதிகளுக்கு உதவுவதற்காகச் சில்ஹட் மாவட்டத்துச் சுல்லாப் பகுதியிலே பிறந்த இந்நிறுவனம், 1979 இல் அதே பகுதியில் வயிற்றோட்ட நிவாரணத்தைச் சிறிய அளவிற் பரிசோதித்துப் பார்த்தது. 1980 இல் நாடளாவிய திட்டம் தொடங்கப்பட்டது. 1990 வரை அது நடைபெற்றது.

பொதிசெய்த மருந்தை ஒவ்வொரு கிராமத்துக்கும் தடையின்றி வழங்க இயலாது என்பதை இந்நிறுவனத்தினர் முதலிலேயே கண்டுகொண்டனர். வீட்டில் இருப்பதைக் கொண்டே மருந்து ஆக்கப்படல் வேண்டும். உப்பு எல்லா வீடுகளிலும் இருந்தது. குளுக்கோசு இல்லை, ஆனால் கரும்பிலிருந்தோ ஈச்ச மரத்திலிருந்தோ காய்ச்சப்படும் வெல்லம் இருந்தது. உடலுக்கு வேண்டிய பொற்றாசியமும் அவ்வெல்லத்தில் ஓரளவு அமைந்திருந்தது எதிர்பாராத நன்மையாகும். இனி, நிறுப்பது எவ்வாறு? எழுத்தறிவு பெறாத தாயிடம் தராசும் இல்லை, அளவுக் கரண்டியும் இல்லை, விரல்கள் இருந்தன. மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, நான்கு விரல்களால் அள்ளிய ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று அளவு வகுக்கப்பட்டது. அரைச் சேர் என்பது அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவானதாகும். அவரவர் வீட்டுப் பாத்திரத்திலேயே அவ்வளவு அடையாளமிடப்பட்டது.

விரலளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதும், உப்பு மிகுந்தால் மருந்தே ஆபத்தாகும் என்பதும் மணிலாவின் அநுபவத்தை அறிந்தோருக்குத் தெரியாதவையல்ல. ஆகவே தாய்மார் தம் கையாற் கலக்கிய கரைசலின் மாதிரிகள் ஆய்வுகூடத்திற் பரிசோதிக்கப்பட்டன. முறையாகக் கற்பிக்கப்பட்ட தாய்மாருட் பெரும்பாலோரது கரைசல் ஏற்கத்தக்க எல்லைக்குள் அமைந்தது. தாய்மாருக்குக் கூறவேண்டியவை தொடக்கத்திற் பத்துக் குறிப்புகளாக இருந்தன. நினைவிற் கொள்வதற்கு அவை மிகையெனக் கண்டதும் ஏழாகக் குறைக்கப்பட்டன.

கற்பிக்கும் பணி ஓரளவு கல்வி கற்ற இளம் பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நிய ஆடவர் வீட்டினுட் செல்ல இயலாத சமூகத்தில் வேறு வழி இருக்கவில்லை. அப்பெண்கள் குழுவாகக் கிராமத்திற் தங்கி, வீடுவீடாகச் சென்று, தாயை அருகில் இருத்தி, அவள் கையாலேயே கலக்கச் செய்தனர். இவ்வாறு பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சம் அளவான வீடுகள் எட்டப்பட்டன.

இத்திட்டத்தின் மிக முக்கியமான பகுதி கற்பித்தலின் பின்னரே நிகழ்ந்தது. ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின்னர், கற்பித்தவரோடு தொடர்பற்ற மேற்பார்வையாளர் ஒருவர், எழுந்தமானமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட வீடுகளுக்குச் சென்று, தாயை மீண்டும் கரைசல் செய்யுமாறு கேட்டார். அவள் நினைவிற் கொண்டிருந்தவற்றுக்கும் அவள் செய்த கரைசலுக்கும் ஏற்பத் தரமிடப்பட்டது. கற்பித்த பெண்ணின் ஊதியம் அத்தரத்தைப் பொறுத்தே அமைந்தது. தாய் யாவற்றையும் மறந்திருப்பின் அவ்வீட்டுக்காக ஊதியம் கிடையாது. மாணவர் சித்தியடையாவிடின் ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை என்பது போன்ற இவ்வேற்பாடு கடுமையானதே. ஆயினும் எத்தனை வீடுகளுக்குச் சென்றோம் என்ற கணக்கை மேலிடத்துக்கு எழுதி அனுப்புவதோடு கடமை முடிந்ததாகக் கருதும் நிர்வாக மரபிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது.

பிழைகள் கற்பித்த பாடம்

இவ்வளவு கவனமாக வகுக்கப்பட்ட திட்டமும் தொடக்கத்தில் தவறிற்று என்பதே இவ்வரலாற்றின் சுவை மிக்க பகுதி. தாய்மாருக்குச் செய்முறை நன்கு நினைவிருந்தது. ஆனால் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டபோது அதனைச் செய்து கொடுத்தோர் மிகச் சிலரே. திட்டம் அறிவை அளந்தது, அறிவு கிடைத்தது. வேண்டியிருந்ததோ பயன்பாடு. அதனை எவரும் அளக்கவில்லை. ஊதியமும் அதற்கென வழங்கப்படவில்லை.

காரணங்களைத் தேடிச் சென்றோர் மூன்று உண்மைகளைக் கண்டனர். முதலாவது, கற்பித்த பெண்களுட் பலர் தமக்கு நோய் வந்தபோது இக்கரைசலைக் குடிக்கவில்லை. தாமே நம்பாத மருந்தைப் பிறரை நம்பச் செய்ய அவர்களால் இயலவில்லை. ஆகவே அது உடலில் எவ்வாறு வேலை செய்கின்றது என்பது அவர்களுக்கு விளக்கப்பட்டது. தாய்மார் முன்னிலையில் அவர்களே பருகிக் காட்டலாயினர்.

இரண்டாவது, பெண்களோடு மட்டும் பேசிய திட்டம் ஆண்களைப் புறக்கணித்திருந்தது. மருந்துக்கும் வைத்தியருக்கும் பணம் செலவிடுவது பற்றித் தீர்மானிப்போர் ஆண்களே. வீட்டுக்கு வந்த அந்நியப் பெண்கள் என்ன கூறிச் சென்றனர் என்பதை அறியாத கணவனும் மாமனாரும் இம்முறையை ஐயத்தோடு நோக்கினர். அதன் பின்னரே சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஆண்களோடு பேசும் ஏற்பாடு செய்யப்பட்டது.

மூன்றாவது மொழி பற்றியது. திட்டத்தை வகுத்தோர் வயிற்றோட்டம் முழுவதையும் குறிப்பதற்கு 'டயரியா' என்ற சொல்லைக் கையாண்டனர். கிராம மக்களோ வயிற்றோட்டத்தை நான்காகப் பிரித்திருந்தனர். தாய்ப்பாலினால் வருவது, அசீரணத்தால் வருவது, சீதமும் இரத்தமுமாகப் போவது, நீராகக் கடுமையாகப் போவது என்பனவே அவை. இவற்றுள் இறுதியானதை மட்டுமே அவர்கள் 'டயரியா' என்றனர். ஆகவே கூறப்பட்ட செய்தியை அவர்கள் பிழையாக விளங்கவில்லை. தமது அகராதிப்படி மிகச் சரியாகவே விளங்கிக்கொண்டனர். ஏனைய மூன்றுக்கும் அம்மருந்தைக் கொடாது விட்டனர். கலைப்பீட மாணவராகிய எமக்கு இதிலே ஆழ்ந்த பொருளுண்டு. குழந்தையின் உயிருக்கும் மரணத்துக்கும் இடையே ஒரு சொல்லின் பொருள் நின்றது. அதனைக் கண்டறிந்தது ஆய்வுகூடமன்று. ஊரிற் தங்கி மக்களின் பேச்சைச் செவிமடுத்த சமூக ஆய்வே.

பின்வந்த ஆண்டுகளில் அரசாங்கமும் பிறரும் பொதிமருந்தைப் பரவலாகக் கிடைக்கச் செய்தனர். வானொலியும் தொலைக்காட்சியும் துணைநின்றன. கைவிரலளவு பெருமளவுக்குப் பொதிக்கு இடங்கொடுத்தது. பொதியை வாங்கிய தாய்க்கோ அதன் பயன் முன்னரே தெரிந்திருந்தது. 2010 களில் வங்காளதேசத்திலே வயிற்றோட்டமுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இம்மருந்தைப் பெற்றனர். வளர்முக நாடுகளுள் இது மிக உயர்ந்த நிலைகளுள் ஒன்றாகும். உலகளாவிய நிலையில், 1980 களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 45 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றோட்டத்தால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது. இன்று அத்தொகை 5 இலட்சத்துக்குக் குறைவாகும். இவ்வீழ்ச்சியில் தடுப்பூசிக்கும் போசாக்குக்கும் குடிநீருக்கும் பங்குண்டு எனினும், வாயினாற் பருகும் கரைசலின் பங்கு மிகப் பெரிது.

நஞ்சான நன்னீர்

இதே நாட்டின் மற்றைய கதையை இனி நோக்குவோம். வயிற்றோட்டத்தைக் கரைசல் தீர்க்கலாம், தடுக்காது. குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகும்வரை நோய் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே நிலத்தடி நீரைப் பருகச் செய்வதே அடிப்படைத் தீர்வு என்ற முடிவு நியாயமானதே. 1970 களிலிருந்து யூனிசெப்பின் உதவியோடு அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரப் பொறியியற் திணைக்களம் நாடெங்கும் குழாய்க் கிணறுகளை அமைத்தது.

தொழில்நுட்ப நோக்கில் இக்கிணறும் எளிமையின் சிறப்புக்கு ஓர் எடுத்துக்காட்டாகும். வங்காளத்தின் வண்டல் மண் மென்மையானது. மூங்கிற் சாரங்கட்டி, இரும்புக் குழாயை மேலும் கீழும் அசைத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும், இயந்திரமின்றியே ஊர்த் தொழிலாளர் கிணற்றைத் துளைத்தனர். நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. மக்கள் தம் சொந்தப் பணத்திலும் கிணறுகளை அமைத்துக்கொண்டனர். நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் தொகை பல பத்து இலட்சமாயிற்று. மக்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பதே வெற்றிக்கு அளவுகோலாயின் இதனைவிடச் சிறந்த வடிவமைப்பைக் காண்டல் அரிது.

ஆனால் அந்நீரிற் பலவிடங்களில் ஆசனிக்கு என்னும் நஞ்சு இயற்கையாகவே கரைந்திருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. குடிப்போர் உடனே நோயுறுவதுமில்லை. பல ஆண்டுகளின் பின்னரே தோலிற் கரும்புள்ளிகள் தோன்றும்; உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும்; புற்றுநோயும் வரலாம். கிணறு தோண்டியோர் நோய்க்கிருமியைத் தேடினர், ஆசனிக்கைத் தேடவில்லை. அதனைச் சோதிப்பது அக்காலத்து வழக்கமாக இருக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் 1983 இல் எல்லைக்கு அப்பால், அதே கழிமுகத்தின் மேற்கு வங்காளப் பகுதியிலே, கிணற்று நீரால் ஏற்பட்ட ஆசனிக்கு நோய் இனங்காணப்பட்டது. வங்காளதேசத்திற் கிணற்று நீரில் அந்நஞ்சு உறுதிசெய்யப்பட்டது 1993 இல். இடைப்பட்ட பத்தாண்டுகளிலும் கிணறுகள் தோண்டப்பட்டுக்கொண்டேயிருந்தன.

2000 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையொன்று, பன்னிரண்டரைக் கோடி மக்களுள் மூன்றரைக் கோடி முதல் ஏழே முக்காற் கோடி வரையானோர் இவ்வாபத்துக்கு உட்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டு, வரலாறு கண்ட மிகப் பெரிய வெகுசன நஞ்சூட்டல் இதுவே என்ற கருத்தை வெளியிட்டது. பின்னர் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பு நிறமும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சை நிறமும் பூசப்பட்டன. ஆயினும் சிவப்புக் கிணற்றைக் கைவிட்டவர் எங்கே செல்வார்? குளத்துக்குத் திரும்பின் வயிற்றோட்டம். கிணற்றோடு இருப்பின் நஞ்சு. ரிட்டலும் வெபரும் கூறிய, அழித்து மீண்டும் தொடங்க இயலாத கணக்கு இதுவேயாகும். தோலிற் புள்ளி கண்ட பெண்களுக்கு மணம் முடித்தல் அரிதாயிற்று என்பதையும், நோயைத் தொற்றென அஞ்சி அயலார் விலகினர் என்பதையும் இத்துன்பத்தோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

இரண்டுக்குமிடையே

இவ்விரு திட்டங்களையும் வகுத்தோரின் நோக்கத்தில் வேறுபாடில்லை. இரண்டிலும் உள்ளூர்ப் பொருளும் உள்ளூர்க் கையும் பயன்பட்டன. இரண்டையும் மக்கள் ஏற்றனர். ஆகவே நல்லெண்ணமோ எளிமையோ மக்களின் ஏற்போ வெற்றியை உறுதிசெய்யப் போதா. பிழை திரும்பி வருவதற்கு ஒரு வழி இருந்ததா என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது. உப்புவெல்லத் திட்டத்தில் பிழை ஒரு மாதத்துள் மேற்பார்வையாளரின் கையேட்டில் பதிவாயிற்று. கற்பித்தவரின் ஊதியத்தில் உறைத்தது. திட்டமிட்டோரின் மேசைக்கு வந்தது. அவ்வழியிலும் முதலில் ஓர் அடைப்பு இருந்தது, பயன்பாடு அளக்கப்படவில்லை. அவ்வடைப்பைக் கண்டு நீக்கியமையே அத்திட்டத்தின் பெருமை. குழாய்க் கிணற்றுத் திட்டத்திலோ, கிணறு தோண்டிய நாளோடு கணக்கு முடிந்தது. எத்தனை கிணறுகள் என்பது எண்ணப்பட்டது. அந்நீரைப் பத்தாண்டுகள் பருகியவரின் கையை எவரும் பார்க்கவில்லை.

நச்சுநீரின் பிழை மெதுவாக வெளிப்படும் இயல்பினது. ஆகவே முன்கூட்டி அறிதல் கடினம் என்று வாதிக்கலாம். அவ்வாதத்தில் நியாயமுண்டு. எனினும் மெதுவாக வெளிப்படும் பிழையைக் காண்பதற்கே நீண்டகாலக் கண்காணிப்பு வேண்டும். மேலும், பிழை வெளிப்பட்ட பின்னரும் அது உரியவரைச் சென்றடையவில்லை. 1992 இல் பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வாளர் வங்காளதேசத்தின் கிணற்று நீரைச் சோதித்தபோது ஆசனிக்கைச் சோதிக்கவில்லை. இதன் பொருட்டு நோயுற்ற ஒருவர் தொடுத்த வழக்கு 2006 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையிலே தள்ளுபடியாயிற்று. அறிக்கை எழுதியோருக்கும் நீரைப் பருகியோருக்கும் இடையே சட்டம் வேண்டும் நெருங்கிய தொடர்பு இல்லை என்பது அதன் காரணம். சட்டத்தின் நோக்கில் அத்தீர்ப்புச் சரியாக இருக்கலாம். வரலாற்று மாணவனுக்கோ அது வேறொன்றையும் கூறுகின்றது: ஆய்வு செய்தவருக்கும் அதன் விளைவைச் சுமந்தவருக்கும் இடையே எவ்வித வழியும் இருக்கவில்லை என்பதே அது.

இன்னொன்றும் கூறப்படல் வேண்டும். அறிவு கிடைத்துவிட்டால் யாவும் திருந்திவிடும் என்பதற்கில்லை. 2016 இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, வங்காளதேசத்தில் ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் அந்நாட்டின் எல்லையளவுக்கு மேற்பட்ட ஆசனிக்குள்ள நீரையே அப்பொழுதும் பருகியதாகவும், அரசாங்கம் அமைத்த ஆழமான பாதுகாப்புக் கிணறுகளுட் பல தேவையுள்ள இடங்களைவிட்டுச் செல்வாக்குள்ளோரின் இடங்களுக்குச் சென்றதாகவும் குற்றஞ்சாட்டியது. சிறந்த வடிவமைப்பு அதிகாரப் பங்கீட்டின் குறையை ஈடுசெய்யாது. வெல்லமும் உப்பும் எல்லா வீட்டிலும் இருந்தன. அவற்றைப் பெறுவதற்கு எவருடைய சிபாரிசும் வேண்டியிருக்கவில்லை. ஆழ்கிணற்றைப் பெறச் சிபாரிசு வேண்டியிருந்தது. வடிவமைப்புப் பற்றிப் பேசுவோரிற் பலர் இவ்வேறுபாட்டைப் பேசாது விடுகின்றனர்.

முடிவுரை

எம்மிற் பலர் நாளை நிர்வாகிகளாகவும் ஆசிரியர்களாகவும் திட்ட உத்தியோகத்தர்களாகவும் பணியாற்றவுள்ளோம். எமது மேசைக்கு வரும் கோவைகளில் எத்தனை கிணறுகள், எத்தனை வீடுகள், எத்தனை கூட்டங்கள் என்ற எண்கள் இருக்கும். அவ்வெண்கள் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. வங்காளதேசத்துக் கிணறுகளின் கணக்கும் பொய்யன்று. ஒரு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் பத்தாண்டு கழித்தும் அவ்வீட்டுக் கதவை மீண்டும் தட்டுவது யார் என்பதைக் கோவையை மூடுமுன் கேட்டுக்கொள்வது எமது கடமையாகும். அதற்கு விடையில்லாத திட்டம் எவ்வளவு அழகாக வகுக்கப்பட்டிருப்பினும் அதிற் கையொப்பமிடுமுன் நாம் தயங்குதல் வேண்டும்.